அழுத்தித் திருப்பவும்

இந்த மூடியைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு வாரம் சரவாங்கி வர வேண்டும். ஒரே ஒரு வாரம் போதும், பெரிய சாபம் எதுவும் நான் விடவில்லை. காலையில் எழுந்ததும் பத்து விரலும் பத்துக் குச்சியாக விறைத்து நிற்கட்டும். பிரஷைப் பிடிக்க முடியாமல் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்து நெருக்கிக்கொண்டு பல் விளக்கட்டும். சட்டைப் பித்தானை இன்னொருத்தர் போட்டுவிடும்போது கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். அப்புறம் அவன் முன்னால் இந்த டப்பாவை வைத்து, இந்தாப்பா, உன் நோய்க்கு மருந்து இதற்குள்தான் இருக்கிறது, எடுத்துச் சாப்பிடு என்று சொல்ல வேண்டும். மூடியிலேயே அச்சடித்திருக்கிறது, அழுத்தித் திருப்பவும் என்று. பக்கத்தில் வளைந்த அம்புக்குறி வேறு. நான் நாலாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இந்த இரண்டு வார்த்தையை மூன்று மாதமாகக் கூட்டிக் கூட்டிப் படித்துவிட்டேன். சின்னப் பிள்ளைகள் திறந்துவிடக் கூடாது என்பதற்காக இப்படிச் செய்கிறார்களாம், பிரிசில்லா சொன்னாள். ஆராய்ச்சிக்கு வருகிறவர்களின் பெயரை எழுதுவது, மாத்திரை கொடுப்பது, மிச்சம் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது எல்லாம் அந்தப் பெண்தான். சின்னப் பிள்ளைக்கா சரவாங்கி, எனக்குத்தானே என்று அன்றைக்கே கேட்டேன். சிரித்தாள். "வீட்ல யாரையாவது திறந்து தரச் சொல்லுங்கப்பா." வீட்டில் யாரையாவது. அந்த யாராவது இப்போது பக்கத்து நாற்காலியில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கட்டிய பெண்டாட்டி. குளித்தலைப் பக்கம் அவள் சொன்னதைக் கேட்டு முடித்ததிலிருந்து இந்தத் திருச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் நான் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை, இனிமேலும் பேசுவதாக இல்லை.

பஸ் குளித்தலையைத் தாண்டும்போதுதான் சொன்னாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, காவிரியிடம் சொல்வது மாதிரி. "ஏனுங்க, ஒண்ணு சொன்னா பஸ்ஸுல சத்தம் போடக் கூடாது." முப்பத்தாறு வருஷத்தில் இப்படி ஆரம்பித்துப் பாவாயி ஒரு நல்ல சேதி சொன்னதில்லை. "நானும் தனக்கொடியும் மாத்திரையைக் கலந்துபோட்டோமுங்க." தனக்கொடி என் தம்பி வையாபுரியின் பெண்டாட்டி. அந்தப் பெயரை என் வீட்டில் பதினோரு வருஷமாக யாரும் சொன்னதில்லை, அதாவது என் காது கேட்கச் சொன்னதில்லை. எதைக் கலந்தீர்கள்? இந்த மாத்திரையை. என்னுடைய டப்பாவையும் அவனுடைய டப்பாவையும் ஒரு எவர்சில்வர் தட்டில் கொட்டி, உனக்கொன்று எனக்கொன்று என்று பிரித்து, திரும்ப ஆளுக்கொரு டப்பாவில் போட்டு மூடியிருக்கிறார்கள். ஒரு மாதம் அல்ல, மூன்று மாதமும். அவனும் இதே ஆராய்ச்சியில் இருக்கிறானாம். எனக்கு வியாழக்கிழமை, அவனுக்குச் செவ்வாய்க்கிழமை. இவர்கள் இரண்டு பேரும் கிழமை பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள், நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடாமல். அவனுக்கும் தெரியாதாம் இந்தக் கலப்பு. அவனாலும் மூடியைத் திறக்க முடியாது. திறக்க முடிந்த கைகளுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் சத்தம் போடவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தேன். அந்தக் கம்பியை இப்படிப் பிடிக்கவே மூன்று மாதத்துக்கு முன்னால் என்னால் முடியாது, அந்த நினைப்பும் சேர்ந்து வந்து எரிச்சலைக் கிளப்பியது.

ஏன் கலந்தாய் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில்தான் இப்போது வரைக்கும் மண்டைக்குள் ஆணி மாதிரி நிற்கிறது. இந்த ஆராய்ச்சியில் மூன்று பேர் சேர்ந்தால் இரண்டு பேருக்குத்தான் புது மருந்து. மூன்றாவது ஆளுக்கு அதே நிறம், அதே அளவு, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லாத மாவு மாத்திரை. வாரத்துக்கு ஒரு நாள் போடுகிற பழைய மஞ்சள் மாத்திரை எல்லோருக்கும் உண்டு. புதுசு யாருக்கு, மாவு யாருக்கு என்று சாப்பிடுகிறவனுக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டரம்மாவுக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம், அதனால் கம்ப்யூட்டர் மட்டும் தெரிந்து வைத்திருக்கிறது. இதை முதல்நாளே விளக்கமாகச் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டு வந்த என் வீட்டு மகாராணி என்ன யோசித்தாள் தெரியுமா? "அண்ணன் தம்பியில ஒருத்தருக்கு மருந்தும் ஒருத்தருக்கு மாவும் வந்துட்டா? ஆளுக்குப் பாதியாவது போகட்டும்னுதானுங்க." கூட்டுக் குடும்பமாக இருந்த காலத்தில் இவர்கள் இரண்டு பேரும் மீன் துண்டைப் பங்கு போடுவது இப்படித்தான், தலை உனக்கு, வால் எனக்கு. கறியைப் பங்கு வைத்த கையால் மருந்தையும் பங்கு வைத்துவிட்டார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆத்திரம். பைத்தியக்காரத்தனமாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். திங்கட்கிழமை ராத்திரி வையாபுரிக்கு அக்கி வந்திருக்கிறது. நெற்றியில், வலது பக்கம், கொத்துக் கொத்தாகக் கொப்புளம். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியவன் வரவில்லை. போனால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்துகொண்டு, பானை செய்கிறவரிடம் போய்க் காவியைக் குழைத்துக் கோழி இறகால் அக்கி எழுதிக்கொண்டு வீட்டுக்குள் படுத்திருக்கிறான். நேற்றைக்குக் கண் சிவந்துவிட்டது. இன்றைக்குக் காலையில் வீங்கி மூடிக்கொண்டதாம். தனக்கொடி போனில் அழுதிருக்கிறாள். "டாக்டரம்மாகிட்ட நீங்க பொதுவா கேளுங்க, இந்த மாத்திரை தின்னா அக்கி வருமான்னு. ஆனா கலந்ததை மட்டும் சொல்லிப்போடாதீங்க சாமி. சொன்னா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிப்போடுவாங்க." பொதுவாகக் கேட்க வேண்டுமாம். முப்பத்துநாலு வருஷம் கரூரில் பஸ் கூண்டு கட்டினவன் நான். தகரம் அடித்து, ரிவெட் அடித்து, எதையும் நேராக அடித்துத்தான் பழக்கம். பொதுவாக எப்படிக் கேட்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கையில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் கொடுப்பார்கள். ஒரு சாண் நீளத்துக்கும் குறைவாக ஒரு கோடு. இந்த முனையில் வலியே இல்லை. அந்த முனையில் தாங்கவே முடியாத வலி. இன்றைக்கு நீ எந்த இடத்தில் இருக்கிறாயோ அந்த இடத்தில் குறுக்கே ஒரு குறி போடு. அவ்வளவுதான். அப்புறம் டாக்டரம்மா ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்வார். முதல்நாள் நான் அந்த முனைக்குப் பக்கத்தில் போட்டேன், பேனாவை முஷ்டியில் சொருகிப் பாவாயி என் கையைப் பிடித்துக்கொள்ள. போன மாதம் பாதிக்கும் கீழே. இன்றைக்குச் சரியாகச் சொன்னால் இந்த முனையிலிருந்து இரண்டு விரல்தான். நாற்பத்தொன்றாம் நாள் காலையில், எனக்கு நாள் நன்றாக நினைவிருக்கிறது, குளித்துவிட்டுத் துண்டைப் பிழிந்தேன். பிழியலாம் என்று நினைத்துப் பிழியவில்லை. கை தானாகப் போய்ப் பிழிந்துவிட்டது. தண்ணீர் கொட்டிய பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பதே தெரிந்தது. ஆறு வருஷத்துக்கு அப்புறம் என் துண்டை நானே பிழிந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி நனைத்து மறுபடி பிழிந்தேன். நாலு தடவை. பாவாயி வெளியே நின்று, உள்ளே என்ன காவேரியா ஓடுது என்று கேட்டாள். அந்தக் கை. அந்தக் கையைத்தான் வாயைத் திறந்தால் இன்றைக்கு நான் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாருக்காக? அவனுக்காக.

அவனுக்காக நான் ஏன் கொடுக்க வேண்டும்? அம்மா போனபோது நான் பெல்காமில் இருந்தேன். விபத்தில் நசுங்கின ஒரு பஸ்ஸுக்குப் பக்கவாட்டுத் தகரம் மாற்றப் போயிருந்தேன். நடு ராத்திரியில் போன் வந்தது. கிடைத்த லாரியில் ஏறினேன், மூன்று லாரி மாறினேன், ஒவ்வொரு இடத்திலிருந்தும் பூத்தில் நின்று போன் போட்டுச் சொன்னேன். வந்துகொண்டிருக்கிறேன், எடுத்துவிடாதே. கடைசியாகச் சேலத்திலிருந்து பேசினேன். இரண்டரை மணி நேரம்டா வையாபுரி, இரண்டரை மணி நேரம் வைத்திரு. சரிண்ணா என்றான். அந்த சரிண்ணா என் காதில் இன்னும் இருக்கிறது. நான் போய் இறங்கும்போது ஆறு நாற்பது. ஐந்து மணிக்கே கொள்ளி வைத்துவிட்டான். தாய்க்கு இளையவன்தான் கொள்ளி வைப்பது, அது அவன் உரிமை, அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. நான் கேட்டது நெருப்பை இல்லை, நேரத்தை. முகத்தைக்கூட விடு. அம்மாவின் கையை ஒரு தடவை பார்த்திருப்பேன். அம்மாவுக்கும் விரல் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருந்தது, காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி. மாவாட்டி ஆட்டி அப்படி ஆகிவிட்டது என்று நாங்களாகவே சொல்லிக்கொண்டோம். என் கை சாய ஆரம்பித்த பிறகுதான் அது என்ன என்று எனக்குத் தெரிந்தது. பெரியவர்கள் எல்லாம் சொன்னார்கள், உடம்பு தாங்காது, பொழுது இறங்குது, அதான் எடுத்துட்டோம் என்று ஆள் விட்டுச் சொன்னான். ஆள் விட்டு. பதினோரு வருஷமாக அந்த இரண்டரை மணி நேரத்தை நான் மென்றுகொண்டிருக்கிறேன். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"அண்ணே, உங்களுக்கு நிஜமா, சும்மாவா?" எதிர் நாற்காலி லால்குடி அம்மாள், பெயர் ரெஜினாமேரி, என் கிழமையில்தான் வருவாள். அவளுக்கு முழங்கால் இரண்டும் பானை மாதிரி வீங்கியிருக்கும். என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. "மாத்திரைங்கண்ணே. எனக்கு இது சும்மா மாத்திரைன்னு ஒரு சந்தேகம். மூணு மாசமா ஒரு குணமும் தெரியல." பாவாயி வாயைத் திறந்தாள். நான் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். லால்குடி அம்மாளே தொடர்ந்தாள். "என் வீட்டுக்காரரும் அப்படித்தான், சும்மா மாத்திரை. இருபத்தெட்டு வருஷமா முழுங்குறேன்." சுற்றி இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன் வேறொரு நாளாக இருந்தால். இந்த அம்மாளுக்குச் சும்மா மாத்திரையே வந்திருந்தாலும் அது சுத்தமான சும்மா. அவள் வலிக்கிறது என்று குறி போட்டால் அந்தக் குறி நிஜம். நான் போட்ட குறி என்ன குறி? பாதிக்கும் கீழே வந்துவிட்டேன் என்று போன மாதம் டாக்டரம்மா ஸ்கேல் வைத்து அளந்து எழுதினாரே, அது யாருடைய மருந்துக்கு எழுதின அளவு? நாளைக்கு இந்த மருந்தை ஊர் முழுக்கக் கொடுப்பதா வேண்டாமா என்று இந்த எழுத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். என் பக்கத்தில் ஒரு பொய், அவன் பக்கத்தில் ஒரு பொய். நான் கோணலாக ரிவெட் அடித்த பஸ் ஒன்று ரோட்டில் ஓடுகிற மாதிரி இருக்கிறது. ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், எந்த ரிவெட் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், போட வேண்டாம் என்றாலும் மனசு போடுகிறது. என் டப்பா மருந்து, அவன் டப்பா மாவு என்றால், மூன்று மாதமாக அவன் என் மருந்தைத் தின்றிருக்கிறான், என் மருந்துதான் அவன் நெற்றியில் அக்கியாக வெடித்திருக்கிறது. அவனுடையது மருந்து, என்னுடையது மாவு என்றால், நான் பிழிந்த துண்டில் பாதி அவன் கொடுத்த தண்ணீர். அது எனக்கு வேண்டாம். அதை நினைத்தால் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது. இரண்டுமே மருந்து என்றால் இந்தப் பெண்டுகள் செய்த வேலைக்கு அர்த்தமே இல்லை. இரண்டுமே மாவு என்றால் என் கையை மூட வைத்தது எது? முதல்நாள் டாக்டரம்மா இந்த நோயை விளக்கும்போது சொன்னார். உடம்பைக் காப்பாற்ற ரத்தத்துக்குள் ஒரு படை இருக்கிறதாம். வெளியிலிருந்து வருகிற கிருமியை அடிப்பதுதான் அதன் வேலை. இந்த நோயில் அதற்குப் புத்தி பிசகி, தன் வீட்டு மூட்டையே எதிரி என்று நினைத்து ராத்திரி பகலாக அடித்துக்கொண்டே இருக்கும். ஏன் அப்படி என்று கேட்டேன். "அது இன்னும் முழுசாத் தெரியலைங்கய்யா, அதுக்குத்தான் ஆராய்ச்சி" என்றார். அப்போது பாவாயி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இவளுக்கு வேறு வேலை இல்லை. எதைச் சொன்னாலும் அதை என் மேல் கொண்டுவந்து ஒட்டுவாள். அந்தப் படையைக் கொஞ்சம் அடக்கி வைப்பதுதான் இந்த மாத்திரையாம். படை அடங்கினால் வலி அடங்கும். ஆனால் அடங்கின நேரம் பார்த்து, உள்ளே பதுங்கியிருந்த பழைய கிருமி ஏதாவது எழுந்துகொள்ளலாம், அதனால் உடம்பில் எது வித்தியாசமாக வந்தாலும் உடனே சொல்ல வேண்டும், ஒளிக்கக் கூடாது. இதைக் கேமரா ஓடும்போது சொன்னார். நான் சரி என்று தலையாட்டினது அந்த வீடியோவில் இருக்கும்.

அந்த வீடியோவில் இன்னொன்றும் இருக்கும். இந்த ஆராய்ச்சியில் சேர நமக்குச் சம்மதம் என்று கேமரா முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டும். சட்டை போட்டுவிட்டு, தலையைப் படிய வாரிவிட்டு, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி உட்கார வைத்தார்கள். அப்பா பெயர், ஊர், வேலை. உங்கள் அம்மாவுக்கு இந்த மாதிரி இருந்ததா? தெரியாது என்றேன். கூடப்பிறந்தவர்களுக்கு யாருக்காவது? கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, நாக்கு எண்ணெய் போட்ட கீல் மாதிரி திரும்பியது. கேமராவுக்குப் பின்னால் நின்ற பாவாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இந்த நோய் ரத்தவழியில் வரலாம், அதனால்தான் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவனுக்கும் கை சாய்ந்துவிட்டது, பஸ் சீட் தைக்கிற ஊசியைப் பிடிக்க முடியாமல் கடையை மூடிவிட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டது என் காதில் விழாமல் இல்லை. விழுந்தபோது, வேண்டும் உனக்கு என்று நினைத்தேன். நினைத்ததை இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் இல்லை என்று சொன்ன தம்பியைத்தான் இந்தப் பெண்டுகள் பின்வாசல் வழியாகக் கூட்டிவந்து சேர்த்திருக்கிறார்கள்.

பிரிசில்லா மேசைக்குப் போய் யாருக்கோ போன் போடுகிறாள். எடுக்கவில்லை போலிருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்கிறாள், "மேடம், முப்பத்தொண்ணாம் நம்பர் செவ்வாய்க்கிழமையும் வரல, இன்னிக்கும் எடுக்க மாட்டேங்குறாரு." அவன்தான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், பாவாயியின் கை என் முழங்கையைப் பிடித்தது. உதறினேன். உதற முடிந்தது, அதுவும் இந்த மாத்திரையின் புண்ணியம். முப்பத்தொன்றாம் நம்பர் இப்போது கரூரில் இருட்டறையில் காவி பூசிக்கொண்டு படுத்திருக்கிறான். அக்கி என்ன வலி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பத்து வயதில் முதுகில் வந்தது. அம்மா எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனாள், சூளைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பானை செய்கிற ஆள் இறகால் எழுதினான். ஈரக் காவி சில்லென்று இருந்தது, இறகு பட்ட இடம் நெருப்பாக இருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, வையாபுரி அழுதான். அவனுக்கு ஆறு வயசு. வலி எனக்கு, அழுகை அவனுக்கு. நீ வீட்டுக்கு ஓடுடா என்று அம்மா விரட்டினாள். போக மாட்டேன், அண்ணன் வரட்டும் என்று சூளைச் சாம்பல் மேட்டில் வெயிலில் நின்றுகொண்டிருந்தான், எழுதி முடிக்கிற வரைக்கும். அன்றைக்கு நின்றான். இப்போது இது எதற்கு நினைவுக்கு வருகிறது? யார் கேட்டார்கள்? ஆறு வயதில் நின்றவனுக்கு நாற்பத்தாறு வயதில் ஒரு இரண்டரை மணி நேரம் நிற்கத் தெரியவில்லையே.

பேசாமல் இருந்துவிடலாம். கோட்டில் இந்த முனைக்குப் பக்கத்தில் ஒரு குறி. வணக்கம் டாக்டரம்மா. புது டப்பா. வீட்டுக்குப் போய் இந்தத் தடவை டப்பாவை என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால் யாரும் கலக்க முடியாது. அவன் கண் அவன் பாடு. பெண்டாட்டி இருக்கிறாள், பிள்ளை இருக்கிறான், அவர்கள் கூட்டிக்கொண்டு போகட்டும். ஒற்றைக் கண்ணோடு எத்தனை பேர் இல்லை? இதை நினைக்கும்போது கை விரல் தன்னால் மடங்கி, தாள் கசங்கிவிட்டது. நீவி விடுகிறேன். கோடு நடுவில் உடைந்து நிற்கிறது. "சென்னியப்பன் ஐயா, வாங்க" என்று பிரிசில்லா கூப்பிடுகிறாள். பாவாயி எழுந்து டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "பொதுவா கேளுங்க சாமி" என்கிறாள்.

டாக்டர் யசோதரா என் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்துகிறார். எண்ணிக்கை இருபத்தெட்டு. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் கணு ஒவ்வொன்றும், முழங்கால். வலிக்குதா, வலிக்குதா என்று கேட்டு, இல்லை இல்லை என்று நான் சொல்லச் சொல்லப் பிரிசில்லா எழுதிக்கொண்டே போகிறாள். "கையை மூடுங்க. இறுக்கி." மூடினேன். பூட்டு மாதிரி மூடியது. "அட, போன தடவையைவிடப் பிரமாதம்" என்று அந்த அம்மா நிஜமாகவே சந்தோஷப்பட்டுச் சிரித்தார். தன் மகன் பாஸ் செய்துவிட்ட மாதிரி. அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. கோணல் ரிவெட்டைத் தடவிப் பார்த்து, நல்லா அடிச்சிருக்கே என்று சொல்கிற முதலாளியிடம் எப்படி நிற்பது? டப்பாவை எடுத்தேன். பாவாயி கை நீட்டினாள் திறந்து தர. கொடுக்கவில்லை. உள்ளங்கையை மூடி மேல் வைத்து அழுத்தினேன். திருப்பினேன். டக்கென்று ஒரு சத்தம், திறந்துகொண்டது. மூன்று மாதத்தில் முதல் தடவை. மிச்சம் இருந்த நாலு மாத்திரையையும் மேசைக் கண்ணாடி மேல் கொட்டினேன். "இதுல எது என்னோடது, எது அவனோடதுன்னு சொல்லுங்க." டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. "எவரோடதுங்கய்யா?" "என் தம்பியோடது." பிரிசில்லா பேனாவை நிறுத்தினாள். "உங்களுக்குத்தான் கூடப்பிறந்தவங்க யாரும்..." "இருக்கான். ஒருத்தன் இருக்கான். முப்பத்தொண்ணாம் நம்பர்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நின்றுகொண்டே, கத்திக்கொண்டே. தட்டு, பங்கு, செவ்வாய், வியாழன், அக்கி, காவி. பாவாயி சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதாள். டாக்டரம்மா கலந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கண்ணு வீங்கியிருக்கா? மூக்கு நுனியில கொப்புளம் இருக்கா? நல்லா நினைச்சுச் சொல்லுங்கம்மா." இருக்குதுங்க என்றாள் பாவாயி, தனக்கொடி சொன்னாளாம். அந்த அம்மா எழுந்தேவிட்டார். "எத்தனாவது நாள்?" "மூணாவது." "இப்பவே வரணும். நாளைக்கு இல்ல, சாயந்திரம் இல்ல, இப்பவே கிளம்பணும். கண்ணு டாக்டரை நான் கூப்பிடுறேன். அவருக்குப் போனது எந்த மருந்துன்னு கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கவும் அனுமதி கேட்கிறேன். பார்வை போயிடக் கூடாதுங்கய்யா." பிறகு மேசையில் கிடந்த நாலு மாத்திரையையும் ஒரு கவரில் தள்ளி ஒட்டிக்கொண்டே, குரலை இறக்கி, "ரெண்டு பேரும் இனிமே இதைத் தொடக் கூடாது. வேற வழி பார்க்கலாம், விட மாட்டேன்" என்றார். வேறு வழி என்றால் என்ன வழி என்று எனக்குத் தெரியாதா? பழைய மஞ்சள் மாத்திரை. பழைய காலை. பழைய பித்தான்.

பாவாயியின் போனைப் பிடுங்கினேன். தனக்கொடி பெயரை நானே தேடி நானே அழுத்தினேன். அவள் எடுத்ததும், அவன்கிட்ட கொடு என்றேன். யாரோ மூச்சு விடுகிற சத்தம். "டேய், நான்தான்." மூச்சு நின்றது. "அண்ணா..." "அண்ணா நொண்ணா எல்லாம் வேண்டாம். காவியைக் கழுவிக்கிட்டு நிக்காத, இருக்கிற மாதிரியே காரைப் பிடிச்சுக் கிளம்பு. உன் பெண்டாட்டி எல்லாத்தையும் சொல்லுவா, அழுவா, வழியில கேட்டுக்க. டாக்டரம்மா உட்கார்ந்திருக்காங்க." "மருந்தை நிறுத்திடுவாங்களாண்ணா?" "நிறுத்தியாச்சு. எனக்கும் சேர்த்து நிறுத்தியாச்சு." மறுபடியும் மூச்சு. கிழவன் மூச்சு. எப்போது இவன் இப்படிக் கிழவனானான்? "வர்றதுக்கு ரெண்டரை மணி நேரம் ஆகுமேண்ணா" என்றான். எந்தத் தைரியத்தில் அந்தக் கணக்கை என்னிடம் சொல்கிறான்? தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா? "ஆகட்டும்" என்றேன். "அண்ணா, நீ இருப்பியா?" "இருப்பேன்டா. நான் என்ன வையாபுரியா?" போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். ரெஜினாமேரி என்னமோ கேட்டாள், காதில் வாங்கவில்லை. பிரிசில்லா பின்னாலேயே வந்து, தாளில் குறி போடவில்லையே அப்பா என்றாள். அப்புறம் என்றேன். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது. கை இன்னும் நன்றாக மூடுகிறது. மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்துக்கொள்கிறேன், இருக்கிற வரைக்கும். ஒன்று ஐம்பதுக்கு அவன் அந்த வாசல் வழியாக வர வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தட்டும், கேட்டுக்கொள்கிறேன்.